அரை மணித்தியாலம்

சிட்டகொங்கில் நேரம்
எங்களைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது.
இதைத் துகிலனுக்குச் சொன்னது என் பிழை.
மறுநாள் கதிரைமேல் கதிரை வைத்து ஏறி
சுவர் மணிக்கூட்டைத் திருப்பியிருந்தான்.
"இப்ப நாங்களும் அம்மாவும் ஒரே நேரம்."
ஆறு வயது, விழாமல் இறங்கினானே, அது போதும் என்று
நான் அதைத் திருத்தவில்லை.
பிறகு மறந்தும் போனேன்.

அதனால்தான்
ஸ்கூல் வான் வர இன்னும் அரை மணித்தியாலம் கிடக்க
வெள்ளவத்தையில் ஒரு கேற் வாசலில் நிற்கிறோம்.
அவன் காலில் இரண்டு நிறத்தில் மேஸ்.
என் இடுப்பில் இயலினி,
அவள் ஒரு கையில் பாண் துண்டு, மறு கையில் என் காது.
கடல் பக்கம் முதல் ரயில்களில் ஒன்று
கதவெல்லாம் ஆட்கள் தொங்கக் கோட்டைக்குப் போகிறது.
வாச்சர் சுனிமல் தன் கையைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார்,
ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துத் தருகிறார்.

இன்று ஏழாம் நாள்.
மூன்றாம் நாள் காஸ் முடிந்தது, அதை விடுங்கள்.
ஐந்தாம் நாள் இரவு சின்னவளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
பனடோல் சிரப்பின் மூடி,
பிள்ளைகள் திறக்கக் கூடாதென்று செய்த மூடி,
என்னையும் பிள்ளைகளில் ஒன்றாய் எண்ணியது.
போனை எடுத்தேன். அங்கே இரண்டரை.
விடிந்தால் அவளுக்கு ஒரு தையல் தொழிற்சாலை;
அவசரக் கதவுகள் உள்ளிருந்து திறக்கின்றனவா என்று
தள்ளித் தள்ளிப் பார்ப்பது சுகிர்தாவின் உத்தியோகம்.
போனை வைத்துவிட்டு
மூடியைப் பல்லால் கடித்தேன்.
ஈரத் துவாயும் பிள்ளையுமாய்
அறையிலிருந்து குசினி, குசினியிலிருந்து அறை,
பதினாலு அடி, விடியும்வரை.
பெரியவன் நித்திரையில் யாருக்கோ கணக்குச் சொன்னான்:
"ஆறு நாள். ஆறு நாள்."

காலையில் அவள் எடுத்தாள். "எல்லாம் ஓகேயா?"
"ஓகே," என்றேன்,
கெமராவில் என் நெற்றி மட்டும் தெரியப் பிடித்து.
"உங்கட நெத்தியில என்ன சிரப்?" என்றாள்.

இந்தக் கட்டிடத்தில் எனக்கு இப்போது நல்ல பெயர்.
மூன்றாம் மாடி பௌசியா ராத்தா வட்டிலப்பம் அனுப்பினா.
மிஸிஸ் அருளம்பலம் சொதியும் இடியப்பமும்.
"தாய் இல்லாமல் எப்பிடித் தம்பி சமாளிக்கிறீர்!"
வான் ட்ரைவர்கூட ஹோர்னை நிறுத்தி, "சேர் கெட்டிக்காரன்."
நானும் சிரித்துச் சிரித்து வாங்கி வைத்தேன்,
பிரிஜ் நிறைய.

நேற்றிரவு அந்தக் கிண்ணங்களைக் கழுவும்போதுதான்
மன்னார் வந்தது.
காற்றாலை வேலைக்கென்று எட்டு மாதம் அங்கே நின்றேன்.
துகிலனுக்கு மூன்று வயது, இவள் வயிற்றில்.
அப்போதும் இதே ஃபிளாட், இதே படிகள்,
இதே பௌசியா ராத்தா.
ஒரு கிண்ணமும் ஏறி வந்ததாக நினைவில்லை.
கெட்டிக்காரி என்று யாரும் சொல்லவில்லை.
நானும்.
அந்த எட்டு மாதத்தில் காஸ் எத்தனை தரம் முடிந்திருக்கும்,
சிலிண்டரை யார் தூக்கினார்கள்?
கேட்க நினைத்தேன். அங்கே பதினொன்றே முக்கால்.
கேட்கவில்லை.
வட்டிலப்பத்தின் கடைசித் துண்டு
தொண்டையில் நின்று இறங்கியது.

சந்தியில் சூன் பாண் ஆட்டோ திரும்புகிறது,
அந்த ஒரே மெட்டு, பற்றரி இறங்கி இழுபட.
இரண்டு நாளாய் என் தோளில் துவண்டு கிடந்த தலை
நிமிர்கிறது.
"பணிஸ்."
காய்ச்சலுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் சாப்பாடு.
நான்கு வாங்கினேன், சுனிமலுக்கும் சேர்த்து.
ஒரு கதிரையில் மூன்று பேர்,
பக்கத்தில் வாச்சர் நின்றபடி,
சீனி ஒட்டிய விரல்களோடு
யாருக்கும் தேவைப்படாத அரை மணித்தியாலத்தைத் தின்றோம்.

வான் வந்தது.
துகிலன் ஏறப் போனவன் திரும்பி வந்து
பாதிப் பணிஸை என் கையில் வைத்தான்.
"அம்மாவுக்கு."
இன்னும் நான்கு நாள்.
பணிஸ் தாங்காது.
சரியென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.