காரணம் என்ற இடத்தில்

நிலாவெளி ஹோட்டலில நாளுக்கு
நாற்பது வெள்ளை விரிப்புத் தோய்க்கிறன்.
ஒண்டிலயும் ரெண்டு முழம் கிழிக்க ஏலாது.

துணி பள்ளிக்கூடத்தில சும்மா குடுத்தவை.
தைக்கிற கூலி ஆரு குடுக்கிறது?
லிங்கநகர் பால்ராணி அக்காவிட்டப் போன வருசத்துக் கடனே
கொப்பியில கிடக்கு.
சப்பாத்து வவுச்சரும்
கடைக்காரன் சொன்ன விலைக்கு எட்டேல்ல.

பழைய சட்டையின்ர விளிம்பை அவிழ்த்துப் பார்த்தன்.
போன தைக்கு ஒரு கோடு,
அதுக்கு முந்தின தைக்கு ஒண்டு.
நீலம் போட்டும் போகாத கோடுகள்.
மடிப்புக்குள்ள இனித் துணி இல்லை.

பிரதேச செயலகத்தில ஒரு படிவம்.
உதவி கோருவதற்கான காரணம்:
அரை வரி இடம் விட்டிருந்தினம்.
'மகள் வளர்ந்திட்டாள்' எண்டு எழுதினன்.

இது காணாதம்மா,
குறைந்த வருமானம் எண்டு போடுங்கோ,
மேசைக்கு அங்கால நஸ்லியா மிஸ்.
போட்டன்.
மேல இருக்கிறதை வெட்டிவிடுங்கோ எண்டா.
நான் பேனையை மூடி வைச்சன்.

அவ ரெண்டாந்தரம் சொல்லேல்ல.
முத்திரையைக் கொஞ்சம் சரிச்சுக் குத்தினா,
அந்த வரியில மை படாமல்.

காசு மாசிக் கடைசியில வருமாம்.
பள்ளிக்கூடம் திங்கட்கிழமை.