ஏற்றத்தில் விழும் முள்

எல் ஆல்ட்டோவில் எந்த வண்டி நின்றாலும்
முதல் குற்றவாளி உயரம்.
நாலாயிரம் மீட்டர், மனுசனுக்கே மூச்சு வாங்குகிறது,
எஞ்சின் என்ன செய்யும் பாவம்
என்று சொல்லிக்கொண்டே
பம்பை மாற்றிக் காசு வாங்குவார்கள்.

காசில்டா தார்க்கியின் கொரோலாவுக்கு
இரண்டு பம்ப் ஆகிவிட்டது, மூன்று ஃபில்டர்.
பானெட்டில் பூத் தூவி, சாராயம் தெளித்து,
பூமித்தாய்க்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று.
"இறங்கும்போது குதிரை.
லா பாஸிலிருந்து ஏறினால், மூன்றாவது வளைவில்
பயணிகள் இறங்கித் தள்ளுகிறார்கள்.
தள்ளியவன் டிக்கெட்டுக்குக் காசு தரமாட்டேன் என்கிறான்.
நியாயம்தானே?"

நான் உயரத்தை விசாரிக்கவில்லை.
துணி சுற்றி எரிபொருள் குழாயின் மூடியைத் தளர்த்தினேன்.
இரண்டு சொட்டு பெட்ரோல், விரலிடுக்கில் சில்லென்று.
கேஜை மாட்டி, ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.
நாற்பது தொட வேண்டிய முள்
முப்பத்தொன்றில் சோம்பிக் கிடந்தது.
ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.
இருபத்துநாலு.

ரெகுலேட்டரின் சின்ன ட்யூபை உருவி மோந்தேன்:
பெட்ரோல் வாசம் இல்லை, சவ்வு கிழியவில்லை.
திரும்பும் குழாயை இடுக்கியால் நெரித்தேன்.
முள் தலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.
ரெகுலேட்டர் நிரபராதி. ஃபில்டர் புதுசு. பம்பும் புதுசு.
பம்பைத் திட்டுவதற்கு முன்னால்
அதற்குச் சாப்பாடு போனதா என்று
யாராவது கேட்டிருக்க வேண்டும்.

எஞ்சின் ஓட ஓட, பேட்டரியில் பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட்.
பின்சீட்டைத் தூக்கி, பம்பின் பிளக்கில் வைத்தால்
ஒன்பது புள்ளி இரண்டு.
நாலரை வோல்ட்டை வழியில் யாரோ
தின்றுகொண்டிருந்தார்கள்.

கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டே
முன்னால் ஊர்ந்தேன்.
கதவுத் தூணில் இன்னும் ஜப்பானிய எழுத்து ஸ்டிக்கர்.
வலப்பக்க ஸ்டீயரிங்கோடு கப்பலேறி வந்த வண்டி;
இக்கிக்கே துறைமுகத்தில் டேஷ்போர்டை அறுத்து
இடப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.
எட்டாத ஒயர்களுக்கெல்லாம் ஒட்டு.
இருட்டில் கையை விட்டுத் துழாவினேன்.
ஒரு ஒட்டு மட்டும் சுட்டது.
அதற்கு முன்னால் பதின்மூன்றரை, அதற்குப் பின்னால் ஒன்பது.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

டார்ச்சை அடித்தேன்.
பச்சை டேப். அதன் நுனியில்
அடுத்தவன் உரிக்கச் சிரமப்படக் கூடாதென்று
மடித்துவிட்ட ஒரு சின்ன நாக்கு.

அந்த நாக்கை மடித்தவன் நான்.

பத்தொன்பது வயது. வண்டிக்கு இவ்வளவு என்று கூலி.
ஈயம் வைத்தால் நேரம் போகும்:
முறுக்கு, சுற்று, அடுத்தது.
உரிப்பவனுக்கு இரக்கப்பட்டவன்
ஓட்டுபவளை நினைக்கவில்லை.

உரித்தேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது.
வெட்டி, சுரண்டி, ஈயம் உருக்கி,
கறுப்பு டேப் சுற்றினேன்.
கேஜைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
இருவரும் லா பாஸ் வரை இறங்கி, ஏறினோம்.
முதல் வளைவு, இரண்டாவது.
மூன்றாவதில் அவள் மூச்சைப் பிடித்தாள்.
முள் அசையவில்லை.
வெளியே ஒரு நாய் மட்டும் எங்களோடு கொஞ்சதூரம் ஓடி
இளைத்து நின்றது.

"எவன் செய்த வேலை அது?" என்று கேட்டாள் பட்டறையில்.
உயரம் என்ற சொல் என் வாய்வரை வந்தது.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
டேஷ்போர்டின் மேல் நான் வைத்திருந்த
பழைய பச்சை டேப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.
குனிந்து, புதிய கறுப்பு டேப்பைப் பார்த்தாள்.
இரண்டின் நுனியிலும் ஒரே நாக்கு.

பிறகு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து,
விரல்களை மடக்கி, சத்தமாகவே
எண்ண ஆரம்பித்தாள்:
இரண்டு பம்ப். மூன்று ஃபில்டர்.
தள்ளியவர்களின் டிக்கெட்.