நச்சுக் காளான்

அவித்த முட்டையின் அடியைச் சீவி நிறுத்தினேன்.
தக்காளியைப் பாதியாய் வெட்டி, குடைந்து,
தலையில் கவிழ்த்தேன்.
தீக்குச்சி முனையால் மயோனைஸ் புள்ளிகள்:
ஒன்று பெரிசு, ஒன்று சப்பை,
ஒன்று மூக்குச்சளி போல வழிந்தது.

கலினாவுக்கு இன்று ஆறு வயது.
வார்சாவில், நான்காம் மாடியில்,
பலூன்கள் ஹீட்டரில் உரசி வெடித்துக்கொண்டிருந்தன.

வீடெக் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
“சிவப்புத் தொப்பி, வெள்ளைப் புள்ளி. விஷம்.
அப்பா காட்டில் காட்டியிருக்கிறார்.”

முட்டைடா என்று தொப்பியைக் கழற்றினேன்.
“விஷம் உள்ளேயும் இருக்கும்.”

கலினா ஒன்றை முழுசாய் வாயில் போட்டாள்,
மென்றாள், கண்ணைச் செருகினாள்,
கம்பளத்தில் பொத்தென்று செத்தாள்.
அடுத்து யாகோதா. பிறகு இரட்டையர், ஒரே நேரத்தில்.
ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் பிணங்கள்,
உதட்டில் மயோனைஸ்.
ஒரு பிணத்துக்கு விக்கல்.

வேலை முடிந்து வந்த மனைவி
கோட்டைக்கூடக் கழற்றாமல்
பிணங்களைத் தாண்டித் தாண்டி வந்து
ஒரு காளானைத் தின்றாள்.
உப்பு போதாது என்றாள். சாகவில்லை.

தட்டில் கடைசி ஒன்று, தொப்பி சரிந்து.
ஆளில்லாத விருந்தில்
உயிரோடிருந்து என்ன லாபம்?
வீடெக் கடித்தான்.
பிறகு வாய் நிறைய, கவலையோடு, என்னிடம்:
“எங்கே விழட்டும், மாமா?
இடமே இல்லையே.”