பதினைந்து மீற்றர்

வரைபடத்தில் நாற்பத்தொரு வட்டங்கள் போட்டிருக்கிறோம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சத்தம் படுத்துக் கிடக்கிறது.
காதில் மாட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்
கோட்டைத் தாண்டினால் எழும்பும்,
வெளியே கால் வைத்தால் படுத்துவிடும்.
அவ்வளவுதான் செயலி.
இதற்குமேல் விளக்கம் கேட்டால் அமலதாஸ்
மடிக்கணினியைத் திறப்பான், தேத்தண்ணி ஆறிப்போகும்.

கோயில் மணியும் கொத்துரொட்டித் தட்டும் வேண்டாமென்று
முதல் நாளே தீர்மானம்.
அவை போன் இல்லாமலே கேட்கும்.

என் வேலை நடப்பது.
கஸ்தூரியார் வீதியில் மத்தியானம் ஒரு மணிக்கு,
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயிலில்,
எங்கே தொடங்குகிறது, எங்கே அறுகிறது என்று
கொப்பியில் எழுதுவது.
அடகுக்கடை வாசலில் மூன்றாம் நாளும் நிற்க
காவலாளி எழும்பி வந்தார்:
"பிள்ளை, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"
பார்க்கவில்லை ஐயா, கேட்கிறேன்.
ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன்.
காசு எண்ணும் மெஷின். சரசரவென்று ஓடி
நடுவில் ஒருக்கால் திக்கி
மறுபடி ஓடும்.
"இது எங்கட கடை" என்றார். பிறகு யோசித்து,
"அதுக்குள்ள கிழிஞ்ச தாள் ஒண்டு" என்றார்.
எட்டுத் தரம் வெட்டி ஒட்டின அமலதாசுக்கு
அது தெரியாது.

செய்மதிக்கு எங்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமில்லை.
பதினைந்து மீற்றர் இங்கால், பதினைந்து மீற்றர் அங்கால்.
சின்னக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே போனால்
நீலப் புள்ளி என்னை விட்டுவிட்டுப்
பண்ணைக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது.
திருக்கை விற்கிற மரியதிரேசாவின் குரல்
ரயர்க் கடைக்கு முன்னால் விலை சொல்கிறது.
ஆரியகுளச் சந்தியில் பத்தொன்பதாம் வட்டம்
நடுறோட்டில் போய் விழுந்தது.
கேட்கப் போய் நின்றேன்.
ஓட்டோக்காரர் ஒருவர் பிறேக் போட்டு
என்னையும் என் ஏழு தலைமுறையையும்
ஒரே மூச்சில் விசாரித்தார்.
பதிவுக்கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
போடலாமா என்று பிறகு தேடிப்போய்க் கேட்டோம்.
இன்னும் ஒருமுறை ஏசிவிட்டுப் போடச் சொன்னார்.
இப்போது பத்தொன்பதில் அவர்தான் குடியிருக்கிறார்,
நடைபாதைப் பக்கமாக.

இருபத்தேழு சோனகத்தெருவில்.
புத்தளத்திலிருந்து உறுதிக் கட்டோடு வந்த றிஸ்மியா
இரண்டு நாள் கச்சேரியில் நின்றார்,
மூன்றாம் நாள் எங்களுக்குக் குரல் தந்தார்.
கதை ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.
நாங்கள் கேட்கவில்லை.
ஒழுங்கை முகப்பிலிருந்து வீட்டுப் படலை வரைக்கும்
ஆறு வயதில் எண்ணி வைத்தது,
வேணுமென்றால் அதைச் சொல்கிறேன் என்றார்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள்.
பதினொன்றில் குரல் கொஞ்சம் விரைகிறது,
அங்கே ஒரு நாய் இருந்ததாம்.
முப்பத்தாறு.

நேற்று அதைச் சோதிக்கப் போனேன்.
அவர் எண்ண நான் நடந்தேன், எண்ணுக்கு ஓர் அடி.
நாய் இல்லாத இடத்தில் நானும் விரைந்தேன்.
இருபத்துமூன்றில் படலை வந்துவிட்டது.
படலை என்றால் இரண்டு தூண்,
ஒன்றில் மட்டும் கொளுக்கி.
உள்ளே வலை போட்டு மூடின கிணறு, ஆமணக்கு,
நீலச் சுவர் ஒன்றில் பாதி.
நான் வந்து நிற்கிறேன்.
அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்,
இருபத்துநாலு,
இருபத்தைந்து,
அவசரமில்லாமல்.

வட்டத்தைச் சுருக்கவா என்று அமலதாஸ் போனில் கேட்டான்.
வேண்டாம்.

கொப்பியில் எழுதியது:
வட்டம் 27. தொடக்கம் சரி. முடிவு சரி.
படலையடியில் பதின்மூன்று எண்ணுக்கு நிற்கவேண்டும்.
நிழல் இல்லை. குடை கொண்டுவரச் சொல்லவும்.