மாதத்தில் ஒரு சனி ஞாயிறு

நான்காம் மாடி ஓய்வறைக்கு
டோனட் பெட்டியோடு வந்தார் கேப்டன் ப்ரூயட்.
இரவுப் பணி முடிந்து
காலுறையை உருவிக்கொண்டிருந்தோம்.
டுலூத்தில் அன்று மைனஸ் இருபத்தாறு.
ஏரி உறைந்து, சாலையைப் போலவே கிடந்தது.

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு,
வருடத்தில் இரண்டு வாரம்,
அவ்வளவுதான் என்றார்.
அந்த 'தான்' மட்டும்
கொஞ்சம் வேகமாக வந்தது.

ஜனெல் துவோமினென்
ஒரு டோனட்டைக்கூடத் தொடவில்லை.
ஊசி போடுமுன் நரம்பைத் தேடுகிற கண்ணோடு
தாளைப் படித்தாள்.
நான்கு தவணையா?
வரி போகவா, வரிக்கு முன்பா?
முழங்கால் போய்விட்டால் மீதியைத் திருப்பிக் கேட்பீர்களா?
மூன்றாவது கேள்விக்கு அவர்
பக்கம் புரட்டினார்.

நர்ஸிங் கல்லூரிக் கடன் ஐம்பத்தெட்டாயிரம் டாலர்.
ஒன்பது வருடம் கட்டியும்
காய்ச்சல் விளக்கப்படம் போல
இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.
கணவன் ரெய்னோ இரும்புத்தாதுக் கப்பலில்.
ஏரி உறைந்தால் கப்பல் இல்லை,
கப்பல் இல்லையென்றால் சம்பளம் இல்லை.

கையெழுத்துப் போட்டாள்.
படித்த கடனை அடைக்க
செஞ்சோற்றுக் கடன் பட்டாள்.
பேனாவை மேசையிலேயே விட்டுப் போனார் கேப்டன்.
நான் எடுத்துக்கொண்டேன்.
நன்றாக எழுதுகிறது.

பிறகு அவள் ஓடத் தொடங்கினாள்.
பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில்,
பனி விழாத இடத்தில்,
இரண்டு மைலுக்கு எத்தனை சுற்று என்று
சுண்ணாம்புக் கோடு போட்டு.
இரட்டைப் பிள்ளை பெற்ற வயிற்றை
டேப் வைத்து அளந்து
எண்ணைச் சொல்லமாட்டாள்.

முதல் சனி ஞாயிறு முடிந்து வந்தவளிடம்
போர் எப்படி இருந்தது என்றோம்.
கணினி முன் பதினோரு மணி நேரம்,
மடக்குக் கட்டில் எண்ணியது நாற்பத்து நான்கு,
அதில் கால் உடைந்தது ஆறு.
மினியாபொலிஸ் போக வர பெட்ரோல் என் காசு,
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்று
சிரிக்காமல் சொன்னாள்.

முதல் தவணை பதினோரு வாரம் தாமதமாக வந்தது.
வரி போக வந்ததில்
கூரைக்குக் கொஞ்சம், மீதி கடனுக்கு.

இங்கே வேறு கணக்கு.
வாண்டாவின் பணிப் பட்டியலில்
மாதம் ஒரு சனிக்கிழமை
ஜ.து. என்ற கட்டம் வெள்ளையாக இருக்கும்.
சட்டப்படி யாரும் மறுக்க முடியாது.
ஆகவே முணுமுணுத்தோம்.
அவளுக்கு போனஸ், நமக்கு அவளுடைய நோயாளிகளா?
சொன்னது நான்தான்.
மருந்து அறைக் கதவு திறந்திருந்தது.
அவள் குளுக்கோஸ் பாட்டில்களை
எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் வருடம் அக்டோபரில் உத்தரவு வந்தது.
இருநூற்று எழுபது நாள்.
எந்த நாடு என்று போட்டிருக்கவில்லை.
அதே வாரம் கடன் அலுவலகக் கடிதமும்:
நிலுவை, பூஜ்யம்.
இரண்டு தாளையும்
எக்ஸ்ரே பார்க்கும் விளக்கில் ஒட்டி
தள்ளி நின்று பார்த்தாள்.
எலும்பு முறிவு ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

கடைசி இரவில்
பன்னிரண்டாம் படுக்கையை என்னிடம் ஒப்படைத்தாள்.
சிறுநீர் அளவு, ரத்த அழுத்தம்,
இடது பக்கம் திருப்பினால் வலிக்கும்,
மகள் வருவாள் என்று பொய் சொல்லாதே.
அதே தொனியில்
இரட்டையர்க்கு வியாழன் நீச்சல்,
ரெய்னோவுக்கு மாவு பிசையத் தெரியாது.
நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்,
அந்தப் பேனாவால்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன்.
அதற்குள் எட்டாம் படுக்கையில் மணி அடித்தது.
இருவரும் ஓடினோம்.
அவள் முந்தினாள்.

ஏப்ரலில் ஏரி உடைந்து
பனிக்கட்டிகள் கரையில் மோதிக் கிணுங்கும் வாரத்தில்
கேப்டன் மறுபடி வந்தார்.
இம்முறை எலுமிச்சை டோனட்.
ஜனெலைப் பற்றிக் கேட்டோம்.
நலம் என்று கேள்வி என்றார்.

எனக்கு இன்னும் முப்பத்தோராயிரம் பாக்கி.
ஒரு டோனட் எடுத்தேன்.
விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு,
சும்மா தெரிந்துகொள்ளத்தான்,
பல் வைத்தியத்துக்கும் காப்பீடு உண்டா
என்று கேட்டேன்.