இருகூர் பிரிவு

ஒன்பது வருசமாக
அந்த புல்லட்டுக்கு இண்டிகேட்டர் நான்தான்.
சூலூரிலிருந்து வரும்போது
இருகூர் பிரிவில் சோத்தாங்கைப் பக்கம்.
கையை நீட்டுவேன்.
பஞ்சு பேல் ஏற்றிய லாரி நின்றுவிடும்,
பல்லடத்து பஸ் முனகிக்கொண்டே நின்றுவிடும்.
வெள்ளிங்கிரி ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.
கை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்,
சட்டைப் பையில் சாவி இருப்பது போல.

மாசியில் சீட்டுப் பணம் வந்தது.
பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தேன், வெள்ளை.
ஷிப்டு மாறிவிட்டது என்று சொன்னேன்.
அது பாதி உண்மை.
எத்தனை நாளைக்கு ஒரு முதுகையே பார்த்துக்கொண்டு போவது?

அடுத்த செவ்வாய்க்கிழமையே
பிரிவில் ஒரு தண்ணி லாரி
அவர் சைலன்சரை உரசிவிட்டுப் போனது.
"கையக் காட்டலாமுங்களே?"
"ஆக்சிலேட்டர விட்டா வண்டி நின்னு போகுது."
அறுபத்தொன்றாம் வருசத்து வண்டி.
வலது கை ஒன்று, வேலை இரண்டு.

உக்கடத்தில் எல்லாமே பன்னிரண்டு வோல்ட்.
"ஆறா?" என்றார் அபுதாகிர்,
செத்தவர் நம்பருக்கு போன் போட்டவளைப் பார்ப்பது போல.
பன்னிரண்டு வோல்ட் பல்பை மாட்டிப் பார்த்தேன்,
பீடி நுனி அளவுக்குச் சிவந்தது.
அதன் பிளாஷரோ
எரிந்தது எரிந்தபடியே நின்றது.
விட்டு விட்டுச் சொன்னால்தானே சேதி.

டைனமோவை மாற்றிப் பன்னிரண்டாக்கு
என்று கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள்.
அவர் தலையாட்டவில்லை.
நானும் வற்புறுத்தவில்லை.
பம்ப்செட்டுக்குக் காயில் சுற்றுகிறவள் நான்.
அழுத்தம் பாதியானால் ஓட்டம் இரட்டிக்கும்,
கம்பி தடிக்க வேண்டும், அவ்வளவுதான்.
வண்டியில் ஓட்டை போடக்கூடாது என்றார்.
கழித்துக் கட்டிய ஸ்டேட்டர் தகட்டை வளைத்துக்
கிளாம்ப் செய்தேன்.
எர்த்துதான் தொல்லை:
மட்கார்டில் எட்டுக் கோட்டு பெயிண்ட்,
ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் சுரண்டினேன்
இரும்பு வெளுக்கும் வரை.

இந்த வண்டியில் கூட்டல்தான் தரை.
தெரியாமல் மாட்டிய புது எலக்ட்ரானிக் ரிலே
ஒரு மூச்சு புகைவிட்டு அடங்கியது.
நூற்று எண்பது ரூபாய்.

கடைசியில் கிடைத்தது
ஏதோ பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய தகர டப்பா,
உள்ளே சூடேறி வளையும் பட்டை.
அதற்குக் கூட்டலும் கழித்தலும் ஒன்று.
சுவிட்சைப் போட்டால்
கொஞ்சம் யோசிக்கும்.
அப்புறம்தான் டிக்.
ஆம்பியர் மீட்டரின் முள்
ஒவ்வொரு டிக்குக்கும் கழித்தல் பக்கம் போய்த் திரும்பும்.
ஸ்லோவில் நின்றால் வெளிச்சம் வாடும்.
ஆரன் அடித்தால் டிக் தடுமாறும்.
ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லத் தெரியும் அதற்கு.
எனக்கு அப்படி ஓர் ஆளோடு பழக்கம் உண்டு.

நேற்றுப் பொழுதோட ஒன்றாகக் கிளம்பினோம்,
இரண்டு வண்டி, அவர் முன்னால்.
பிரிவு வந்தது.
மஞ்சள் விளக்கு யோசித்தது,
எரிந்தது,
எதிர்வெயிலில் யாருக்குத் தெரிந்ததோ.
பார்த்தால்
என் கை நீண்டிருக்கிறது.
ஆக்சிலேட்டரை எப்போது விட்டேன்?
பின்னால் கிரீச்சென்று பல்லடத்து பஸ்.
எதைப் பார்த்து நின்றீர்கள் என்று
டிரைவரிடம் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ரோடு நேர்.
அவர் அணைக்க மறந்துவிட்டார்.
"ஏனுங், அணைங்!"
கத்தினேன், புல்லட் சத்தத்துக்கு முன்னால் என் குரல் எம்மாத்திரம்.
திரும்புகிறேன்
திரும்புகிறேன் என்று
வலது பக்கம் சொல்லிக்கொண்டே போனார்
ரயில்வே கேட் வரைக்கும்,
திரும்பாமல்.