இடம், வலம்

பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
அதனால்தான் அன்றைக்கும்
சாலையில் இறங்க அனுமதிச் சீட்டு வைத்திருந்தான்
சிக்ஸ்டன் நோர்லின்,
பால்பண்ணை லாரி, ஹெல்சிங்லாந்து,
அறுபத்தேழு, செப்டம்பர் மூன்று.

நாலு ஐம்பதுக்கு எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.
பிறகு மெல்ல, மிக மெல்ல,
இடப்பக்கம் விட்டு வலப்பக்கம் நகர வேண்டும்.
அங்கேயும் நிற்க வேண்டும்.
ஐந்து மணிக்கு ஸ்வீடன் மறுபடி கிளம்பும்.

பன்னிரண்டு வருடம் முன்பே வாக்கெடுத்துக் கேட்டார்கள்.
நூற்றில் எண்பத்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்,
அந்தக் கணக்கில் அவனும் ஒருவன்.
அரசாங்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு
தனக்கு வேண்டியதைச் செய்தது.
பால் அட்டைப்பெட்டியில் வலம் மாறும் நாளின் சின்னம்,
கடையில் தொங்கிய உள்ளாடையிலும் அதே சின்னம்.
குன்வோர் புருஷனுக்கு ஒன்று வாங்கிவந்தாள்:
"இதிலாவது எது முன்பக்கம் என்று தெரியும்."

வலப்பக்கம் ஏறி நின்றபோது
காலி கேன்கள் ஒன்றோடொன்று முட்டி அடங்கின.
ஒரு நரி சாலையைக் கடந்தது,
வழக்கம்போல் எந்தப் பக்கமும் பார்க்காமல்.
வானொலியில் யாரோ வினாடிகளை எண்ணினார்,
ராக்கெட் விடுவதுபோல்.
ஐந்து.
எதுவும் வெடிக்கவில்லை.

முதல் பண்ணையிலேயே தெரிந்தது
அவன் யோசிக்காமல் விட்டது:
நாடே வலப்பக்கம் போய்விட்டது,
பால்கேன் வைக்கும் மரமேடைகள் மட்டும்
இடத்திலேயே இருந்தன.
நாற்பத்தோரு மேடை.
இறங்கி, சாலை கடந்து,
ஐம்பது லிட்டரைத் தூக்கி,
மறுபடி கடந்து.
ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு கெட்ட வார்த்தை;
பதினேழாவது மேடையில் சரக்கு தீர்ந்து
முதலிலிருந்து தொடங்கினான்.

இன்னொன்றும் இருந்தது.
அந்த ஊர் வண்டிகளுக்கு ஸ்டியரிங்
அப்போதும் இடப்பக்கம்தான்.
இருபது வருடமாக அவன் ஜன்னலுக்கு வெளியே
சாலையோரப் பள்ளம்:
காட்டுப்பூ, செத்த முள்ளெலி,
யாரோ எறிந்த ஒற்றை பூட்ஸ்.
எதிரே வருகிறவர்கள் எல்லாம்
அந்தப் பக்கத்து வெளிச்சம், அவ்வளவே.
ஆறு பத்துக்குத் தவறாமல் வரும்
செய்தித்தாள் வேனும் அப்படித்தான்.

இன்று அது
கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனது.
ஓட்டுவது ஒரு பெண்.
இடது கன்னத்தில் மச்சம்.
வாயில் பாதி கடித்த பன்.
அவளும் திடுக்கிட்டுத்தான் பார்த்தாள்,
இத்தனை வருடமும்
இந்த வழுக்கைத் தலைக்கா
விளக்கைத் தாழ்த்தினேன் என்பதுபோல்.